கடலுக்கு மேலே பிறந்த தம்பிக்கு

தம்பி,

இன்றைக்கு உன் கம்பளி ஜெர்சி நனைந்துவிட்டது. நீ போனதிலிருந்து அதை லாண்டிரிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியே வைத்திருந்தேன். துவைக்கக் கை வரவில்லை. ஆக்லாந்து மழைதான் உனக்குத் தெரியுமே, மேலேயிருந்து பெய்கிறதா பக்கத்திலிருந்து பெய்கிறதா என்று சொல்ல முடியாது. ஜன்னலைச் சாத்த மறந்துபோனேன். எடுத்துப் பிழிந்தபோது செம்மறி ஆட்டு வாசனை குப்பென்று எழும்பியது. இஞ்சின் எண்ணெய் வாசனை போய்விட்டது. உன் வாசனையும் போய்விட்டது. ஆடு மட்டும் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆட்டு வாசனை என்றால் எனக்கு நீ பிறந்ததுதான் ஞாபகம் வரும். வேறு யாரிடம் சொன்னாலும் இந்தப் பொம்பளைக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். உனக்கு மட்டும்தான் அது விளங்கும்.

உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நான் படித்ததும் பிஜியில் தவேயுனித் தீவுத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். அதனால் எழுதிக்கொண்டே சத்தமாக வாசிக்கிறேன். உன் அத்தான் உள்ளேயிருந்து, "யாரோட பேசுற?" என்றார். "தம்பியோட" என்றேன். அவர் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

நீ முதன்முதலாக இங்கே வந்து இறங்கியதை நினைக்கிறேன். எண்பத்தேழில் பிஜியில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபின் நம் இந்திய ஆட்கள் கிடைத்த விமானத்தில் ஏறி வந்தார்கள். நீ சுவாவில் பஸ் கம்பெனி மெக்கானிக். பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டு, ஒரு பெட்டியும் சுற்றிப் பார்க்க வந்தவன் விசாவுமாக வந்தாய். விசா முடிந்தால் திரும்பிப் போக வேண்டும். போனால் அங்கே வேலை இல்லை, வீட்டு ஜன்னலில் கல் விழுகிறது. தங்க அனுமதி கிடைத்தால் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். அந்த ஒரு கவலைதான் நம் சான்ட்ரிங்ஹாம் வீட்டில் அந்த வருஷம் முழுக்க. சாப்பிடும்போது அது, தூங்கும்போது அது.

"அக்கா, நான் நியூசிலாந்துக்காரங்க விமானத்துல பிறந்தவன். என்னை எப்படித் துரத்துவாங்க?" என்று நீ ஆரம்பித்தாய். முதலில் விளையாட்டாகச் சொன்னாய். பிறகு பார்த்தால் நிஜமாகவே நம்ப ஆரம்பித்துவிட்டாய்.

நம்பாமல் என்ன செய்வாய்? நான்தானே உனக்கு அந்தக் கதையை ஊட்டி வளர்த்தவள்.

இன்னொரு தடவை சொல்கிறேன், கேள். இங்கிலாந்து ராணி பிஜிக்கு வந்தாளே, அதற்கு இரண்டு வருஷம் முன்னால். எனக்கு எட்டு வயது. அம்மாவுக்கு வலி எடுத்து இரண்டாவது நாள். தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். கொப்பரைத் தோட்டத்துத் துரை வீட்டில் ரேடியோ இருந்தது. அவர் சுவாவோடு பேசினார். நியூசிலாந்து விமானப்படையின் கடல் விமானம் ஒன்று வடக்குத் தீவுகளிலிருந்து சுவாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிவிட்டார்கள்.

அதற்கு முன் நான் விமானத்தை வானத்தில் ஒரு பொட்டாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது எங்கள் கடலில் இறங்கியது. என்னத்தைச் சொல்ல, தம்பி! முதலில் தென்னை ஓலை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. பிறகு சத்தம் வயிற்றுக்குள் வந்தது. ஒரு வெள்ளை வீடு, கை இரண்டையும் நீட்டிக்கொண்டு, கடலை நோக்கி வருகிறது. விழுந்து நொறுங்கப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அது மிதக்கிறது! தண்ணீரை இரண்டு பக்கமும் சுவர் மாதிரி எழுப்பிவிட்டு, பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி படகாக வந்து நிற்கிறது. அப்பா கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அருகில் நின்ற பிஜிக்காரப் பெரியவர் மண்டியிட்டுவிட்டார். துரையே தொப்பியைக் கழற்றிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்.

கொப்பரை ஏற்றும் படகில் அம்மாவைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். விமானத்தின் விலாப் பக்கத்தில் கண்ணாடியால் பெரிய குமிழ் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. அந்தக் குமிழ் மேலே சுருண்டு திறந்தது. உள்ளேயிருந்து சிவப்பு முடிக்காரப் பையன் ஒருவன் இடுப்பு வரைக்கும் வெளியே தொங்கி, அம்மாவைத் தூக்கினான். அம்மா என் கையை விடவில்லை. அவன் விடுவிக்கப் பார்த்தான், முடியவில்லை. ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு என்னையும் சேர்த்தே இழுத்து உள்ளே போட்டான். அப்பா படகிலேயே நின்றார். இடம் இல்லை.

உள்ளே பெரிய மீனின் வயிறு மாதிரி இருந்தது. வளைந்து வளைந்து விலா எலும்புகள். தகடு முழுக்க ஆணித் தலைகள், வரிசை வரிசையாக, ஒன்றுகூடக் கோணல் இல்லை. இவ்வளவு ஆணியையும் யார் அடித்தது என்று அந்த வலியிலும் அம்மா கேட்டாள் என்றால் நம்புவாயா? கேட்டாள். "எத்தனை பேரு ஒக்காந்து அடிச்சாங்களோ" என்றாள். சுவரில் தொங்குகிற கட்டில் இருந்தது. சின்ன அடுப்புகூட இருந்தது. யுத்தத்துக்குச் செய்த வண்டிக்குள் டீ கொதித்துக்கொண்டிருந்தது.

பறக்க ஆரம்பித்ததும் நான் கண்ணாடிக் குமிழுக்குள் உட்கார்ந்தேன். கீழே கடல் எத்தனை நிறம்! கரையில் நின்று பார்த்தால் ஒரே நீலம். மேலேயிருந்து பார்த்தால் பவளப் பாறை மேல் பச்சை, மஞ்சள், மயில் கழுத்து. பிறகு வெள்ளை மேகம் வந்தது. அந்த மேகத்தின் மேல் நம் விமானத்தின் நிழல் விழுந்து ஓடி வந்தது. நிழலைச் சுற்றி வட்டமாக ஒரு வானவில். முழு வட்டம், தம்பி. வில் இல்லை. இன்று வரைக்கும் அது மாதிரி ஒன்றை நான் பார்க்கவில்லை. சாமிக்குப் பின்னால் போடுகிற வட்டம்தான் அது என்று நினைத்தேன். அதற்குள் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அம்மா கத்தினாள். நீ வந்துவிட்டாய்.

அந்தச் சிவப்பு முடிக்காரன்தான் பிடித்தான். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அவன் ஊரில் ஆட்டுப் பண்ணை. ஆயிரம் குட்டி இழுத்துப் போட்ட கை அது. நீ நீலமாக இருந்தாய். அசையவில்லை. அவன் வாய்க்குள் விரலை விட்டு வழித்தான். தன் கம்பளி ஜெர்சியைக் கழற்றி உன்னைப் பரபரவென்று தேய்த்தான். ஒன்றும் இல்லை. பிறகு உன் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, தலைகீழாகத் தூக்கி, குமிழ் பக்கம் வந்து நின்று, உன்னை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"ஐயோ, எம் புள்ளைய கடல்ல போடப் போறான்! புடிடி அவனை!"

அம்மா சொன்னதும் நான் பாய்ந்தேன். அவன் முழங்காலுக்குக் கீழே, சதையில், எனக்கு இருந்த பல் எல்லாவற்றையும் வைத்துக் கடித்தேன். அவன் துள்ளினான். உன்னை விடவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றினான். உன் வாய் திறந்தது. இரண்டு இஞ்சினும் நம் தலைக்கு மேல் அலறிக்கொண்டிருந்ததில் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. வாய் திறந்தது, அவ்வளவுதான். அதற்குள் முன்னாலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். இறங்கும் நேரம், அவன் வேலை இடத்துக்குப் போக வேண்டும். உன்னை ஜெர்சியில் சுற்றி என் மடியில் போட்டுவிட்டு ஓடினான்.

நான் குனிந்து உன் வாயில் காதை வைத்தேன். அழுதுகொண்டிருந்தாய். பூனைக்குட்டி மாதிரி. என்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தத் தகடு. அம்மாவின் கட்டிலுக்கு மேலே ஒரு சின்ன உலோகத் தகடு அடித்திருந்தது. எனக்கு அப்போது இங்கிலீஷ் எழுத்து மட்டும் தெரியும். ஒவ்வொன்றாகக் கூட்டினேன். மற்றதெல்லாம் ஓடிவிட்டது, கனடா என்பது மட்டும் நின்றது. விமானம் இருக்கிற இடத்தின் பேர் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கதவு மேல் வீட்டுப் பேர் எழுதுவது மாதிரி. அப்பா மறுவாரம் சரக்குக் கப்பலில் வந்து சேர்ந்து, "எங்கம்மா பிறந்தான்?" என்று கேட்டார். "கனடாவுல" என்றேன். அப்பா அப்படியே ஆஸ்பத்திரி கிளார்க்கிடம் போய்ச் சொன்னார். அந்த ஆள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தானாம். அன்றிலிருந்து தோட்டம் முழுக்க உனக்குக் கனடா என்றுதான் பேர். "ஏய் கனடா, உங்க ஊர்ல இன்னைக்குப் பனியா?" என்று பையன்கள் கத்துவார்கள். நீ கல்லை எடுப்பாய்.

இதைத்தான் நீ ஆக்லாந்து விசா ஆபீசில் போய்ச் சொன்னாய். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், வெட்கத்தில் பையின் வாரைத் திருகிக்கொண்டு.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரிப் பெண்ணுக்குச் சின்ன வயதுதான். பொறுமையாகத்தான் கேட்டாள். "விமானம் யாருடையது?"

"நியூசிலாந்து விமானப்படையுடையது, மேடம்."

"கட்டினது?"

"கனடாவுல."

"அப்போ கீழே என்ன இருந்தது?"

"பிஜிக் கடல்" என்றாய் நீ, மெதுவாக.

"அப்படியென்றால் நீங்கள் மூன்று ஆபீசுக்குப் போகலாம்" என்றாள் அவள். சிரிப்பை அடக்கத்தான் பார்த்தாள். நீயும் சிரித்தாய். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் நீ மேசைக்கு அடியில் பாஸ்போர்ட்டை இறுக்கிப் பிடித்திருந்தாய். அவள் பிறகு சொன்னதை நீ எனக்குத் தமிழில் சொன்னாய்: எங்கே பிறந்தாய் என்பது உதவாது, இங்கே உனக்காக நிற்க ஒரு ஆளும் ஒரு வேலையும் வேண்டும். கொஞ்சம் தவணை தருகிறேன், அதற்குள் கொண்டுவா.

வெளியே வந்ததும், "யாரு அக்கா நமக்காக நிப்பாங்க?" என்று கேட்டாய். ஆபீஸ் துடைக்கப் போகிற எனக்கு யாரைத் தெரியும்? பிறகு நீயே, "ஒருத்தன் இருக்கான்" என்றாய். "என் காலைப் பிடிச்சுச் சுத்தினவன்."

"செத்திருப்பான்டா."

"நான் சாகலையே."

அந்தச் சனிக்கிழமை உன் ஓட்டைக் காரில் ஹாப்சன்வில் போனோம். விமானப்படைத் தளத்தின் கேட்டில் காவலுக்கு நின்ற பையனிடம் நீ தலையை நீட்டி, "நான் உங்க விமானத்துல பிறந்தவன்" என்றாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பட்டாளத்துக்காரனைப் பார்த்து ஓடிவந்தவன் இன்னொரு பட்டாளத்துக் கேட்டில் போய் நிற்கிறானே என்று இருந்தது. அந்தப் பையன் உள்ளே போன் பண்ணினான். சைக்கிளில் ஒரு கிழவர் வந்தார், ஸ்டோரில் வேலை செய்கிறவர். உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆட்டுக்குட்டி நீதானா?" என்றார்.

அவர்களுக்கெல்லாம் தெரிந்த கதையாம் அது! பழைய ஆட்கள் கூடினால் அந்தச் சிவப்பு முடிக்காரர் எழுந்து நின்று சொல்வாராம், ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு பிள்ளையைச் சுற்றிப் பிழைக்கவைத்தேன் என்று. எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரிப்பார்களாம். கிழவர் விலாசம் சொன்னார். கிளென்ஃபீல்ட். பாலம் தாண்டிப் போகவேண்டும்.

அவர் வீட்டு வாசலில் கதவைத் திறந்தவருக்குச் சிவப்பு முடி ஒன்றுகூட இல்லை. தலை வழுக்கை. காதில் மெஷின். பெண்டாட்டி இறந்துபோய்த் தனியாக இருந்தார். நீ விஷயத்தைச் சொன்னாய். அவர் முகம் இறுகிவிட்டது. "அந்தக் கதை பாதி ஆக்லாந்துக்குத் தெரியும். யார் வேண்டுமானாலும் வந்து சொல்லலாம்" என்றார். விசா விஷயத்தையும் நீ முதலிலேயே உளறிவிட்டாய். கதவைப் பாதி சாத்திவிட்டார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. என் இங்கிலீஷில், "உங்கள் கால். நான் கடித்தேன்" என்று சொல்லி, என் காலைத் தூக்கி இடத்தைக் காட்டினேன்.

அவர் என்னையே பார்த்தார். கடித்ததை அவர் யாருக்கும் சொன்னதில்லையாம். கதையில் அவர்தான் வீரர், ஒரு பொடிசு கடித்ததை எப்படிச் சொல்வார்? பேன்ட் காலைச் சுருட்டி மேலே இழுத்தார். தழும்பு ஒன்றும் இல்லை. வெள்ளைச் சதை, நீல நரம்பு. "இங்கேதான். ஒரு மாதம் நொண்டினேன்" என்றார். பிறகு உன் பக்கம் திரும்பினார். ஒரு அடி எடுத்து வைத்து உன் நெஞ்சில் கையை வைத்தார், இஞ்சின் ஓடுகிறதா என்று பார்க்கிற மாதிரி.

"அப்போ நீ மூச்சு விட்டாயா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்குத் தெரியாது. வாய் திறந்ததைத்தான் பார்த்தார். இறங்கினதும் லாஞ்ச் படகு வந்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டது, அவர் விமானத்தோடு நின்றுவிட்டார், மறுநாள் வேறு தீவு. இத்தனை வருஷமாக அந்தக் கதையைப் பிள்ளை வீறிட்டு அழுததாகச் சொல்லி முடித்திருக்கிறார். அழுததா இல்லையா என்று தெரியாமலே. விசாரிக்கவும் பயம். விசாரித்து, இல்லை என்று சொல்லிவிட்டால்?

"அழுதான், சார். நான் கேட்டேன்" என்றேன்.

அவர் சோபாவில் உட்கார்ந்து கையால் முகத்தை மூடிக்கொண்டார். நீ போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். யார் வீடு என்று பார்க்காமல் அலமாரியைத் திறந்து டம்ளரை எடுத்தாய். அதற்குப் பிறகு அது உன் வீடு மாதிரிதான்.

அன்று சாயங்காலம் முழுக்க அவர் படங்களை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். நீ சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தாய். அந்த விமானத்தைக் கனடாவில் வான்கூவரில் யுத்த காலத்தில் கட்டினார்களாம். கட்டினவர்களில் பாதிப் பேர் பெண்கள். புருஷன்மார் சண்டைக்குப் போக, இவர்கள் தகட்டில் ஆணி அறைந்தார்களாம். ஒருத்தி வெளியே அடிக்க, இன்னொருத்தி உள்ளே இரும்பை வைத்துத் தாங்கிக்கொள்ள வேண்டுமாம். அம்மா கேட்டாளே, எத்தனை பேர் உட்கார்ந்து அடித்தார்களோ என்று, எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்தப் பெண்களுக்கு என்ன தெரியும்? தண்ணீருக்கு அடியில் ஒளிந்து வருகிற கப்பலைத் தேடவும், கடலில் விழுந்த பைலட்டுகளைப் பொறுக்கவும் என்று கட்டினார்கள். அங்கிருந்து பசிபிக் பெருங்கடலைத் தாண்டித் தீவு தீவாக இறங்கி இங்கே வந்து, நியூசிலாந்து வண்ணம் பூசிக்கொண்டு, பிஜியில் போய் நின்று, கடைசியில் கொப்பரைத் தோட்டத்துக் கூலிக்காரியின் வயிற்றுப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி ஆனது. எவ்வளவு பெரிய உலகம், எத்தனை கை, எல்லாம் சேர்ந்து உன்னைத் தூக்கிப் பிடித்திருக்கிறது!

"இப்போ அது எங்கே இருக்கு?" என்று கேட்டாய்.

"பெரிய விமானங்கள் இங்கிலாந்திலிருந்து வந்ததும் இவற்றைக் கழித்துவிட்டார்கள். ஹாப்சன்வில்லில்தான் பலதையும் வெட்டினார்கள். அலுமினியத்தை உருக்கிவிட்டார்கள்" என்றார் அவர்.

நீ விமானத்தின் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாய். பிறகு, "பிறந்த ஊரையே உருக்கிச் சட்டி பண்ணிட்டாங்கக்கா. எந்த ஆபீஸ்ல போய்க் கேக்கிறது?" என்றாய். அவருக்கு இங்கிலீஷில் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் காது மெஷின் கழன்று விழுந்தது.

அடுத்த தடவை விசா ஆபீசுக்குப் போனபோது அவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். நெஞ்சில் மெடல். அந்தப் பெண்ணிடம், "இவனுக்காக நிற்கிற ஆள் நான். இவனை முதலில் தூக்கினவனும் நான்தான்" என்றார். அவருடைய மருமகன் படகு இஞ்சின் பழுதுபார்க்கிற பட்டறை வைத்திருந்தான், டீசல் இஞ்சின் தெரிந்த ஆள் கிடைக்காமல் கஷ்டப்பட்டான். வேலைக் கடிதம் கையில் இருந்தது. அந்தப் பெண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உன்னைக் கேட்டாள், "கனடா ஆபீசுக்குப் போகவில்லையா?" என்று. அனுமதி கிடைத்துவிடும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் வேலை அனுமதி, பிறகு தங்கும் அனுமதி. உன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் வந்து இறங்கிய நாள், ஏர்போர்ட்டில் கண்ணாடிக்குப் பின்னால் அவர்கள் தலை தெரிந்ததும் நீ குதித்தாயே, முப்பத்தேழு வயதுக்காரன்! குளிருக்கு என்று கிளென்ஃபீல்ட் கிழவர் தன் ஜெர்சி ஒன்றை உனக்குக் கொடுத்திருந்தார். அதுதான் இது. "முதல் ஜெர்சியை நீ திருப்பித் தரவே இல்லை" என்று சொல்லித்தான் கொடுத்தார். நீ அதைக் கழற்றவே மாட்டாய்.

அவர்களோடு ஒரு வருஷம் முழுசாக இருந்தாயா? அதற்குள் பட்டறையில், ஒரு படகின் இஞ்சினுக்கு மேல் குனிந்தபடியே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். டாக்டர்கள் அப்பாவிடமிருந்து வந்த நெஞ்சு வியாதி என்றார்கள். அப்பாவும் அப்படித்தான் போனார். உன் நெஞ்சு அன்றைக்குக் கடலுக்கு மேலே ஓடத் தொடங்கியதைப் பார்த்தவள் நான். நின்றதை நான் பார்க்கவில்லை. ஆபீஸ் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உன் சாம்பலைக் கிழவர் பட்டறைப் படகில் கொண்டுபோனார். எங்கே என்று அவரே சொன்னார். ஹாப்சன்வில்லுக்கு முன்னால், அந்த விமானங்கள் வந்து இறங்குகிற தண்ணீர். பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உன் மகன் தூவினான். தண்ணீர் அமைதியாக இருந்தது. கிழவர் இஞ்சினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். நான் மனதுக்குள் சொன்னேன்: இனிமேல் உன்னை யாரும் எங்கேயும் திருப்பி அனுப்ப முடியாது, ராஜா.

போன மாதம் அந்தப் பழைய விமானப்படை ஆட்களின் கூட்டம். கிழவர் போன் பண்ணி, "நீ வர வேண்டும்" என்றார். நான் என்னத்துக்கு என்றேன். "என்னால் இனி அந்தக் கதையைச் சொல்ல முடியாது. அவர்கள் கேட்பார்கள்" என்றார்.

போனேன், தம்பி. பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, அத்தனை வெள்ளைக்காரக் கிழவர்களுக்கு நடுவில். பீர் வாசனை, உருளைக்கிழங்கு வாசனை. சுவரில் அந்த விமானத்தின் படம் ஒன்று மாட்டியிருந்தது, இரண்டு கண்ணாடிக் குமிழோடு. சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல யாரோ, "ஆட்டுக்குட்டிக் கதை!" என்று கத்தினார்கள். கிழவர் எழுந்திருக்கவில்லை. என்னைக் காட்டினார்.

 நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசினவள் இல்லை நான். ஆனாலும் சொன்னேன். தென்னை ஓலை சாய்ந்ததைச் சொன்னேன், வட்ட வானவில்லைச் சொன்னேன், கடித்ததையும் சொன்னேன். அதற்கு ஒரே சிரிப்பு, கிழவருடைய முதுகில் அடித்தார்கள். நடுவில் இங்கிலீஷ் கிடைக்காதபோது கையால் காட்டினேன். வாய் திறந்தது என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் வரவில்லை. 

முன் வரிசையில் ஒரு ஆள், பைலட்டாக இருந்தவராம், எழுந்து நின்று மெதுவாகக் கேட்டார். "அப்புறம் அந்தப் பிள்ளை என்ன ஆனான், அம்மா?"

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் சொன்னேன். அவன் வளர்ந்தான். உங்கள் ஊருக்கு வந்தான். உங்கள் படகுகளைச் சரி பண்ணினான். அவன் பிள்ளைகள் உங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அவன் இங்கேயேதான் இருக்கிறான், ஹாப்சன்வில் தண்ணீரில்.

ஒருவர் எழுந்தார். பிறகு எல்லோரும் எழுந்து நின்றார்கள், தம்பி. உனக்காக.

உன்னைத் தூக்கினவர் அவர். நீ அழுததைக் கேட்டவள் நான். அவருக்கு வயதாகிவிட்டது, சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார். அடுத்த வருஷமும் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன். அதற்குள் இன்னும் கொஞ்சம் இங்கிலீஷ் படித்துக்கொள்ள வேண்டும்.

உன் அக்கா